மண்டபம் வழியே போனவர்களும் வந்தவர்களும்

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் யாருக்கும் குவாத்தமாலாவை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. உலகச் சந்தைக்கு மிக அதிகமாக ஏலக்காய் அனுப்பும் நாடு அது. அங்கே விளைச்சல் கூடினால் இங்கே விலை இறங்கும். அங்கே காய் குறைந்தால் போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் விலை ஏறும். தேவாரம், கோம்பை பக்கத்துத் தோட்டக்காரர்கள் மழையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்த நாட்டைப் பற்றியும் பேசுவார்கள். ஆனால், அந்தக் காய் விளைகிற மலைகள் 36 ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் கிடந்தவை என்பது இந்தப் பேச்சில் வருவதேயில்லை.

அந்தப் போர் 1960இல் தொடங்கி, 1996 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தோடு ஓய்ந்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக இரண்டு லட்சத்துக்கும் மேல். ஐ.நா. துணையோடு அமைந்த உண்மை ஆணையம் 1999இல் அறிக்கை தந்தது. அடையாளம் தெரிந்த பலியானவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா பழங்குடிகள். அத்துமீறல்களில் 93 விழுக்காடு அரசுப் படைகளும் அவற்றின் துணைக் குழுக்களும் செய்தவை. ஏலக்காய் விளைச்சலின் மையமான ஆல்டா வெராபாஸ் மாவட்டத்தில், பான்சோஸ் என்ற சிற்றூரில், 1978 மே 29 அன்று நிலம் கேட்டு வந்த கெக்சி மாயா உழவர்களை ராணுவம் சுட்டுத் தள்ளியது. அந்த மாவட்டத்தின் தலைநகரமும் ஏலக்காய் வணிக நகரமுமான கோபானில் ஒரு ராணுவத் தளம் இருக்கிறது. 2012 முதல் அதன் வளாகத்தைத் தோண்டியபோது 550க்கும் மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள் கிடைத்தன.

நம் கடலுக்கு அப்பால் நடந்த போரைப் பேசுவதற்கு இந்த மலைகள் எனக்குத் தேவைப்படுகின்றன. ஒரு போர் முடிந்த பிறகு ஒரு நாடும் அதன் அண்டை நாடும் என்ன செய்ய முடியும் என்பதற்கு அங்கே சில விடைகள் உண்டு.

இலங்கைப் போரின் களக்கதை தமிழ்நாட்டில் பலருக்கு மனப்பாடம். டீக்கடை பெஞ்சில் ஆனையிறவு என்று ஆரம்பித்தால் போதும், பேச்சு நிற்காது. அந்தச் சண்டைகளைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்தான். 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள், யாழ்ப்பாணத்தின் வாசலான ஆனையிறவு ராணுவ முகாமை நேருக்கு நேர் தாக்கினார்கள். மறைவே இல்லாத உப்புவெளியில், இரும்புத் தகடு போர்த்திய புல்டோசரை முன்னே விட்டுப் போனார்கள். ராணுவம் வெற்றிலைக்கேணியில் கடல்வழியாகப் படையை இறக்கி முகாமைக் காப்பாற்றிக்கொண்டது. இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் இளைஞர்கள் செத்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்துப் புலிகள் அதே இடத்துக்கு வேறு மாதிரி வந்தார்கள். 2000 மார்ச்சில் குடாரப்பில் கடல்வழியே இறங்கி, இத்தாவிலில் ஏ-9 சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பிறகு இயக்கச்சி விழுந்தது. முகாமுக்குக் குடிதண்ணீர் தந்த கிணறுகள் அங்கேதான் இருந்தன. சித்திரை வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஆயிரக்கணக்கான படையினரால் நிற்க முடியவில்லை. ஏப்ரல் 22 அன்று ஆனையிறவு கைமாறியது.

1996இல் முல்லைத்தீவுத் தளத்தை வீழ்த்தி அங்கிருந்த பீரங்கிகளைக் கைப்பற்றிய இயக்கம் அதற்குள் ஒரு மரபுவழிப் படையாக மாறியிருந்தது. கடற்படை வைத்திருந்தது, பிறகு சிறு விமானங்களும் வைத்திருந்தது. அந்த மாற்றமே அதற்கு எமனாகவும் ஆனது. நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் படை அந்த நிலத்தைக் காக்க வேண்டும். காக்க ஆள் வேண்டும். 2004இல் கிழக்குத் தளபதி கருணா பிரிந்ததோடு கிழக்கின் ஆள்பலம் பெரும்பகுதி போய்விட்டது. 2007இல் ஆயுதக் கிடங்காக ஆழ்கடலில் நின்ற கப்பல்களை இலங்கைக் கடற்படை தேடிப் போய் மூழ்கடித்தது. ராணுவம் தன் ஆள்பலத்தை இரண்டு லட்சத்தை நெருங்கப் பெருக்கியது; பெரிய அணிவகுப்பை விட்டுவிட்டு, சிறு சிறு குழுக்களாகக் காட்டுக்குள் ஊடுருவக் கற்றது. வன்னியில் மண் அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று நான் எழுத மாட்டேன். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் லட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்தார்கள். அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களின் மீது அரசின் பீரங்கிகள் சுட்டன. மருத்துவமனைகள் மீது குண்டுகள் விழுந்தன. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. மிஞ்சியவர்கள் முள்வேலி போட்ட மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் நாம் இந்தக் கதையில் பாதியைத்தான் சத்தமாகச் சொல்கிறோம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், சொந்த வீடுகளிலிருந்து புலிகளால் விரட்டப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989இல் தமிழர் தலைவர் அமிர்தலிங்கத்தையும் புலிகள் கொன்றார்கள்; அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து மருத்துவப் பேராசிரியர் ராஜினி திரணகம கொல்லப்பட்டார். தமிழரின் நியாயத்தைப் பேச வருகிறவர்கள் இதையும் பேசினால்தான் அந்த நியாயத்துக்கு வலு சேரும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1981இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்தின் 97,000 நூல்கள், 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளிலும் வெலிக்கடைச் சிறையிலும் நடந்த கொலைகள் என்று போருக்கான காரணங்கள் வெளிப்படையானவை. அவற்றைச் சொல்ல எதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தியா இந்தப் போரை வெளியில் நின்று பார்த்த நாடு இல்லை. 1983க்குப் பிறகு ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்திய உளவுத்துறை பயிற்சி கொடுத்தது. புலிகளின் பயிற்சி முகாம்கள் மேட்டூர் அருகே கொளத்தூரிலும், அன்றைய மதுரை மாவட்டத்துச் சிறுமலையிலும் இருந்தன. சிறுமலை நம் மலைத்தொடருக்கு அண்டை வீடு. 1987 ஜூன் 4 அன்று மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டோம். ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம்; அக்டோபரில் அதே புலிகளோடு போர். யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய இலகு காலாட்படை வீரர்கள் 30 பேரில் ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். பத்து நாள் கழித்து யாழ் மருத்துவமனைக்குள் இந்தியப் படை புகுந்ததில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் உட்பட ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் மடிந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது அதை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. பிற்பாடு நடந்த கடைசிப் போரில் இலங்கை ராணுவத்துக்கு ரேடார் கொடுத்ததும், 2009 மே 27 அன்று ஜெனீவாவில் இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்துக்கு வாக்களித்ததும் இந்தியாதான். பயிற்சியிலிருந்து பாராட்டு வரை ஒவ்வொரு கட்டத்திலும் கை வைத்த நாட்டுக்கு, அந்தப் போரின் மிச்சத்தில் பொறுப்பு இல்லை என்று சொல்ல உரிமை கிடையாது.

அந்த மிச்சம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58,000 இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். தேனி மாவட்ட முகாம்களும் அதில் அடக்கம். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் மேலும் முப்பதாயிரத்துக்கு மேல். முகாம்களில் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் வேர் உள்ளவர்கள். இதைத்தான் தேவாரத்துக்காரனாக நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நம் ஊர்களிலிருந்து மலைக்குப் பிழைக்கப் போனவர்களின் தடம் இரண்டு. ஒன்று, போடி மெட்டும் கம்பம் மெட்டும் ஏறி ஏலமலைக்கு. அது இன்றும் நடக்கிறது. விடிவதற்குள் தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, இடுக்கித் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் பெண்கள் இறங்கி வருகிறார்கள். சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்று தேவாரம் பல காலமாகக் கேட்பது அவர்களுக்காகத்தான். இன்னொரு தடம் கடல் தாண்டி இலங்கையின் கண்டிக்குப் போனது. மதுரை, திருச்சி, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் கிராமங்களிலிருந்து கங்காணிகள் குடும்பம் குடும்பமாகத் திரட்டிக்கொண்டு போனார்கள். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாமில் நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள். காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையைத் திருத்திக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அப்படிப் போன ஒரு குடும்பத்துக்கு என்னென்ன நேர்ந்திருக்கும் என்று வரிசையாகப் பார்ப்போம். 1948இல் சுதந்திர இலங்கை இயற்றிய முதல் சட்டங்களில் ஒன்று அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1977 கலவரத்தில் தோட்டத்து லயங்கள் எரிந்தபோது, ஆயிரக்கணக்கானோர் வவுனியா, முல்லைத்தீவு பக்கம் ஓடினார்கள். டாக்டர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் தொடங்கிய காந்தியம் அமைப்பு அவர்களைக் காடு திருத்திய நிலங்களில் குடியேற்றியது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் குடியேற்றங்களில் டொலர் பாமும் கென்ட் பாமும் இருந்தன. 1984இல் அங்கிருந்த மலையக மக்களைத் துரத்திவிட்டு, சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்தது அரசு. அந்த நவம்பரில் புலிகள் புகுந்து அவர்களைக் கொன்று குவித்தார்கள். துரத்தப்பட்ட குடும்பம் இன்னும் உள்ளே நகர்ந்திருக்கும், அல்லது மன்னார்க் கரைக்கு வந்து படகு ஏறியிருக்கும். இறங்கிய இடம் ராமேஸ்வரம். கொண்டுபோய் வைத்த இடம், பாட்டனும் பூட்டனும் போகும்போது அடைக்கப்பட்டிருந்த அதே மண்டபம் முகாம்.

ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் 1984இல் போரால் நின்றதோடு அவர்கள் முறை தப்பிப்போனது. கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியவர். அவருக்குக் குடியுரிமை, தேயிலைத் தோட்டத்தில் வேலை, கடன் எல்லாம் கிடைத்தன. அதே வம்சத்தில் படகில் வந்தவர் அகதி; 2003 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'சட்டவிரோதக் குடியேறி'. ஒரே மக்களைக் கப்பல் வேறு, படகு வேறு என்று இந்திய அரசு பிரித்து வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

முகாம் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ரேஷன் உண்டு, உதவித்தொகை உண்டு. 2021இல் மாநில அரசு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாக அதை உயர்த்தியது. 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது. 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்து 7,469 வீடுகள் கட்டித்தருவதாகச் சொன்னது. பத்துக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை கிடந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. மறுக்க முடியாது. ஆனால், குறிப்பிட்ட நாளில் வருவாய்த்துறை ஆள் பெயர் வாசிக்கும்போது ஆள் நேரில் இருக்க வேண்டும். பெயிண்டிங் வேலை தூரத்து ஊரில் பத்து நாள் கிடைத்தாலும் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதி, கல்லூரி முடித்த பெண் அரசு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. கையில் பட்டம் இருக்கும், பாஸ்போர்ட் இருக்காது. தினமும் ஜீப் ஏறி மாநில எல்லையைத் தாண்டிப் போய்வருகிற நம் பெண்களை எந்தச் செக்போஸ்ட்டிலும் யாரும் நிறுத்திக் குடியுரிமை கேட்பதில்லை. அவர்களுடைய பாட்டியின் தங்கை கண்டிக்குப் போனவராக இருந்தால், அந்தத் தங்கையின் பேத்தி முகாமில் பெயருக்குக் கைதூக்கிக்கொண்டிருக்கலாம்.

இங்கேதான் குவாத்தமாலாவின் அண்டை நாட்டைப் பார்க்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் ராணுவம் கிராமங்களை எரித்தபோது, சுமார் 46,000 மாயா மக்கள் மெக்சிகோவில் அகதிகளாகப் பதிந்தார்கள். மெக்சிகோ பணக்கார நாடு இல்லை. அவர்களை முதலில் மகிழ்ச்சியோடு ஏற்றதும் இல்லை. ஆனாலும் இரண்டு காரியங்கள் நடந்தன. திரும்பிப் போக விரும்பிய அகதிகள் தாங்களே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, குவாத்தமாலா அரசோடு நேரடியாகப் பேசி, 1992 அக்டோபரில் ஓர் உடன்பாடு போட்டார்கள். நிலம் வேண்டும், கூட்டமாகத் திரும்புவோம், ஊருக்குள் ராணுவம் வரக்கூடாது, சர்வதேசப் பார்வையாளர்கள் கூட வர வேண்டும் என்று நிபந்தனைகளை எழுத்தில் வாங்கினார்கள். 1993 ஜனவரியில் முதல் அணி ஊர் திரும்பியது. தங்க விரும்பியவர்களுக்கு 1996 முதல் மெக்சிகோ நிரந்தர வசிப்புரிமையும், ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குடியுரிமையும் தந்தது. அங்கே பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே மெக்சிகோக்காரர்கள்.

குவாத்தமாலாவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இனப்படுகொலைக்காக 2013 மே மாதம் தண்டிக்கப்பட்ட முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோன்ட் மீதான தீர்ப்பு பத்தே நாளில் ரத்தானது. 2018இல் மறுவிசாரணை முடியாமலே அவர் இறந்தார். ஆனால் 2016இல், செபூர் சார்கோ ராணுவ முகாமில் அடிமைகளாக வைத்துச் சீரழிக்கப்பட்ட கெக்சி மூதாட்டிகள், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். இரண்டு பேருக்கு நூறாண்டுகளுக்கு மேல் சிறை கிடைத்தது. கோபான் தளத்தில் கிடைத்த எலும்புகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை டி.என்.ஏ. சோதனையால் பெயரோடு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இலங்கையில் அந்த வேலை இன்னும் வாசற்படி தாண்டவில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் புதைகுழி இருப்பதை 1998இல் ஒரு ராணுவ வீரரே நீதிமன்றத்தில் சொன்னார். மறு ஆண்டு 15 உடல்கள் எடுத்ததோடு நின்றுபோனது. 2025இல் அதே பகுதியில் மீண்டும் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையவை உட்பட. காணாமல் போனவர்கள் என்று செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிவானவர்கள் 16,000க்கும் மேல். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரம் போராட உட்கார்ந்த தாய்மார்களில் பலர், பிள்ளை என்னவானான் என்று தெரியாமலே இறந்துவிட்டார்கள். கோப்பாயில் புலிகளின் துயிலுமில்லத்தை இடித்த இடத்தில் ராணுவத்தின் 51வது டிவிஷன் தலைமையகம் எழும்பியது. ஒரு தாய்க்கு அழுவதற்கான இடத்தைக்கூட வெற்றிபெற்ற படை விட்டுவைக்கவில்லை. அந்தப் பெரும் படையின் சுமையை 2022 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு கொழும்பாலேயே தாங்க முடியவில்லை. 2030க்குள் ராணுவத்தை ஒரு லட்சமாகக் குறைப்பதாக 2023இல் அறிவித்தது.

கொழும்பு செய்ய வேண்டியதை டெல்லி வற்புறுத்தலாம், அவ்வளவுதான். டெல்லி தானே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானின் முஸ்லிம் அல்லாத அகதிகளைச் சேர்த்தார்கள். இலங்கைத் தமிழர்களை விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்சி முகாம்களின் இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லியிருந்தது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்த ஒருவர், பிறப்பால் தனக்கு உரிய குடியுரிமைக்கே நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில்தான் முதல் முறையாக வாக்களித்தார். 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஒரு படி இறங்கிவந்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்காகத் தண்டிப்பதில்லை என்று உத்தரவிட்டது. நல்ல செய்திதான். குற்றவாளி இல்லை என்று ஆகிவிட்டார்கள், குடிமக்கள் ஆகவில்லை.

தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் கேட்க வேண்டியது இதுதான்: 1964, 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தங்களின் வாரிசுகளுக்கு அந்த ஒப்பந்தங்களின் பெயராலேயே குடியுரிமை, மற்றவர்களுக்கு 2019 திருத்தத்தில் இடம், ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு நிலத்துக்கும் பாதுகாப்புக்கும் கொழும்பிடம் எழுத்தில் உத்தரவாதம். அதற்கு முதல் வேலையாக, வருவாய்த்துறை அடுத்த முறை முகாமில் பெயர் வாசிக்கப் போகும்போது ஒரு படிவத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும். 1964இல் யாரும் அவர்களிடம் கேட்காத கேள்வியை, இருக்கிறீர்களா, போகிறீர்களா என்பதை, வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.